சுண்ணக்கட்டி பிடிப்பவன்

ஒயார்தே ஊர்ச் சதுக்கம்
இருபத்தெட்டு மீட்டர் நீளம்.
இறைச்சிக்கடைப் படியில் தொடங்கி
தேவாலயச் சுவரில் முட்டித் திரும்பும்.
பதினேழு வருடமாக அதில் நடக்கிறேன்,
சுமப்பவர்களுக்குப் பக்கத்தில்,
அரை அடி பின்னால்,
கையில் ஒரு சுண்ணக்கட்டியோடு.

யார் எங்கே போட்டாலும்
முன்காலின் பெருவிரல் நுனியில்
கோடு கிழிப்பது என் வேலை.
நான் நடந்ததையெல்லாம் சேர்த்தால்
பிரான்சு வந்துவிடும் என்பான் மதுக்கடை எனெகோ.
எதையும் தூக்காமல்
என்றும் சேர்த்துக்கொள்வான்.

இன்று இச்சாரோ.
பகலில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
ஈரத்துணி மூட்டை தள்ளுகிறவள்.
மாலையில் டயர் பட்டறைக்குப் பின்னால்
லாரி நிறுத்தும் மஞ்சள் கோடுகளுக்கு நடுவே
போய் வருவாள், போய் வருவாள்.
முதலில் கைக்கு முப்பது கிலோ. அப்புறம் நாற்பது.
ஒருநாள் ஒற்றைக் கையில் மட்டும்,
உடம்பு சாயப் பார்க்கும், விடமாட்டாள்.
ஒருநாள் மணல் மூட்டையை நெஞ்சோடு அணைத்து,
மூச்சுக்கு இடமில்லாமல்.
பஸ் ஜன்னலிலிருந்து கையசைப்பேன்.
திருப்பி அசைக்க மாட்டாள்.
எப்படி அசைப்பாள்?

இன்று கைக்கு ஐம்பது.
வளையமிட்ட இரும்புக் கட்டை, சிங்கா என்போம்.
குனிந்தாள். இடுப்பை இறக்கினாள்.
எழுந்தபோது தோள்கள் காதை விட்டு
இரண்டு விரற்கடை கீழே போயிருந்தன.

சின்ன எட்டு. வேகமான எட்டு.
கனம் ஆடக் கூடாது,
ஆடினால் அது உன்னை நடத்தும்.
முதல் திருப்பம். இரண்டாவது.
கூட்டம் பெயர் சொல்லிக் கத்துகிறது.
எனக்குக் கேட்பது அவள் மூச்சு மட்டும்:
மூக்கால் கொஞ்சம், பல்லிடுக்கால் கொஞ்சம்,
சரியாக மூடாத குழாய் மாதிரி.

நான்காவது நீளத்தில் மழை பிடித்துக்கொண்டது.
எல்லாரும் வளைவுக்கடியில் ஒதுங்கினார்கள்.
நாங்கள் இருவரும் நடந்தோம்.

கால் தோற்பதில்லை.
முதுகும் அவ்வளவு சீக்கிரம் தோற்காது.
விரல்தான்.
சுண்டுவிரல் முதலில் விலகும்,
அப்புறம் மோதிரவிரல்,
கடைசியில் ஐம்பது கிலோவும்
இரண்டு விரல் கொக்கியில் தொங்கும்.
நகம் வெளுப்பதை நான் பார்க்கிறேன்.
அவள் பார்வை சுவரில்.
அவளுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது.
சொல்லக் கூடாது, விதி.

ஆறாவது நீளத்தின் பாதியில்
இடக்கை தானாகத் திறந்தது.
அவள் திறக்கவில்லை.
இரும்பு கல்லில் விழுந்த சத்தத்துக்கு
சுவர்ப் புறாக்கள் எழுந்து மழைக்குள் போயின.

குனிந்து கோடு கிழித்தேன்.
விழவில்லை. ஈரக்கல் சுண்ணாம்பை வாங்கவில்லை.
மறுபடி கிழித்தேன்,
பால் மாதிரி கரைந்து ஓடியது.
வேறு வழியில்லாமல் என் வலது காலை ஊன்றினேன்,
அவள் பெருவிரல் இருந்த இடத்தில்.
அளவு நாடா எங்கே என்று கத்தினேன்.
நாடா எனெகோவின் கல்லாவில்.
கல்லாச் சாவி எனெகோவிடம்.
எனெகோ கழிப்பறையில்.

நின்றேன்.
கழுத்து வழியே தண்ணீர் இறங்கியது.
கெண்டைக்கால் இழுத்தது. கால் மாற்ற முடியாது,
ஒரு விரற்கடை நகர்ந்தால்
டயர் பட்டறைக்குப் பின்னால் ஒரு மாலை
இல்லாமல் போய்விடும்.
பதினேழு வருடத்தில் முதல் தடவை
கீழே வைக்கக் கூடாத ஒன்று என்னிடம் இருந்தது.

இச்சாரோ போகவில்லை. எதிரே நின்றாள்,
கைகள் இரண்டும் பாதி மூடி,
வளையத்தை இன்னும் விடாதவை போல.
"வலிக்குதா?"
"கொஞ்சம்."
"மூச்சை அடக்காதே. சின்னச் சின்னதாய் விடு."
விட்டேன்.

"எவ்வளவு வந்திருக்கும்?"
"நாடா வரட்டும்."
"சரி, என் மூக்கைச் சொறிந்துவிடு.
விரல் சொன்னபடி கேட்கமாட்டேன் என்கிறது."

காலை அசைக்காமல்
இடுப்பிலிருந்து எட்டிச் சாய்ந்து
சொறிந்துவிட்டேன்.
கல் வாங்காத சுண்ணாம்பு
அங்கே ஒட்டிக்கொண்டது.